விக்கிபீடியால நடுநிலை சண்டை வந்தா எப்படி தீர்த்து வைக்கிறாங்க: ஒரு எடிட்டரோட ரிவ்யூ

விக்கிபீடியாவை படிக்கிறவங்க பார்வையில எழுதின விமர்சனம் ஏகப்பட்டது இருக்கு, நம்பலாமா கூடாதா, அசைன்மென்ட்ல போடலாமா கூடாதான்னு. நான் எழுதறது அது இல்ல. எடிட் பட்டனை அமுக்கி உள்ள போறவங்களுக்கு விக்கிபீடியா இன்னொரு சேவையும் தருது. ஒரு கட்டுரை ஒரு பக்கமா சாயுதுன்னு ரெண்டு பேர் மோதிக்கிட்டா, அந்த மோதலை எடுத்து நடத்தி ஒரு முடிவுக்கு கொண்டுவர அங்க விதி இருக்கு, போர்டு இருக்கு, கமிட்டி இருக்கு. அது வேலை செய்யுதா இல்லையான்னு பார்க்கிறதுதான் இந்த ரிவ்யூ. இங்கிலீஷ் விக்கிபீடியாவை வச்சுதான் பெரும்பாலும் பேசறேன், ஏன்னா இந்த ஏற்பாடு முழுசா இருக்கிறது அங்கதான், மத்த மொழிகள்ல பாதிக்கு மேல கிடையாது.

என் முடிவை முதல்லயே சொல்லிடறேன். ஒரு வார்த்தையை பத்தின சண்டையா இருந்தா இதைவிட நல்லா தீர்த்து வைக்கிற இடத்தை நான் பார்த்ததில்ல. எந்த விஷயத்துக்கு எத்தனை பத்தி கொடுக்கணும்ங்கிற சண்டையா இருந்தா திணறுது. எதிர்த்துப் பேச ஆளே இல்லாத கட்டுரையா இருந்தா இந்த ஏற்பாடு இருக்கிறதே தெரியாது.

முதல்ல விதியை பத்தி கொஞ்சம். விக்கிபீடியா 2001 ஜனவரி 15ல ஆரம்பிச்சது, ஜிம்மி வேல்ஸ், லாரி சாங்கர் ரெண்டு பேரும் தொடங்கினது, நடுநிலை நோக்குங்கிற கொள்கை அந்த ஆரம்பத்துல இருந்தே கூட வருது. உள்ளடக்கத்துக்கு மூணு அடிப்படை கொள்கை: நடுநிலையா எழுதணும், சரிபார்க்கிற மாதிரி சோர்ஸ் இருக்கணும், சொந்த ஆய்வை உள்ள கொண்டுவரக்கூடாது. புதுசா வர்றவங்க பெரும்பாலும் நடுநிலைன்னா ரெண்டு பக்கத்துக்கும் சரிபாதி இடம்னு நினைச்சுக்கிட்டு வர்றாங்க. விதி அப்படி சொல்லவே இல்ல. நம்பகமான சோர்ஸ்கள்ல ஒரு கருத்துக்கு எவ்வளவு எடை இருக்கோ அந்த அளவுக்குத்தான் கட்டுரையிலயும் எடை. பூமி தட்டைன்னு சொல்றவங்களுக்கு பூமியை பத்தின கட்டுரையில பாதி இடம் கிடையாது, அந்த உதாரணத்தை கொள்கைப் பக்கத்துலயே சொல்லியிருக்காங்க. இந்த ஒரு விஷயம் புரியாததால மட்டும் நடக்கிற சண்டைகள் ரொம்ப அதிகம், "என் தரப்பை போடவே மாட்டேங்கிறாங்க"ன்னு கோபமா எழுதறவங்ககிட்ட யாராவது பொறுமையா இதை விளக்கினா பாதி பேர் கோபம் தணிஞ்சிடும், ஆனா விளக்காம விதியோட சுருக்குப்பேரை மட்டும் எடிட் குறிப்புல எறிஞ்சுட்டு ரிவர்ட் பண்ணிட்டு, அதாவது எழுதினதை பழையபடி திருப்பிட்டு போயிடறாங்க. இது எனக்கு ரொம்ப வருத்தமான விஷயம், ஏன்னா நல்ல ஆட்களை இழக்கிறது பெரும்பாலும் இந்த இடத்துலதான்.

இப்ப பாராட்ட வேண்டியதை பாராட்டறேன். ஒரு தொழிற்சாலை மேல வந்த மாசு புகார் சம்பந்தமான கட்டுரையில நான் ரொம்ப நாள் வேலை செஞ்சேன். ஒருத்தர் வந்து "ஆத்துல விஷத்தை கலந்த கம்பெனி"ன்னு எழுதினார், இன்னொருத்தர் அதை "ஆதாரமில்லாத குற்றச்சாட்டுக்கு ஆளான கம்பெனி"ன்னு மாத்தினார், அவர் மாத்த இவர் மாத்த, ரெண்டு பேருக்குமே தான் சொல்றதுதான் உண்மைன்னு முழு நம்பிக்கை. டாக் பேஜுக்கு, அதாவது கட்டுரையோட விவாதப் பக்கத்துக்கு இழுத்துட்டு வந்து பேசினப்ப என்ன ஆச்சுன்னா, ரெண்டு வாக்கியமும் போயிடுச்சு. எந்த வருஷம் எந்த அரசு ஆய்வகம் தண்ணியில எதை எவ்வளவு கண்டுபிடிச்சது, கம்பெனி அதுக்கு என்ன பதில் சொன்னது, கோர்ட்டு எதை ஏத்துக்கிட்டது எதை தள்ளினதுன்னு நாலு வாக்கியம் வந்துச்சு, ஒவ்வொண்ணுக்கும் யார் சொன்னதுங்கிறது அதுலயே இருக்கு. ரெண்டு பேரும் தனித்தனியா எழுதியிருந்தா அந்த நாலு வாக்கியம் பிறந்தே இருக்காது. படிக்கிறவங்களுக்கு கம்பெனி மேல என்ன முடிவுக்கு வரணும்ங்கிறதை கட்டுரை சொல்லல, முடிவுக்கு வர தேவையானதை எல்லாம் கொடுத்துச்சு. எனக்கு விக்கிபீடியா மேல நம்பிக்கை வந்ததே இந்த மாதிரி வாக்கியங்களை பார்த்துதான்.

"சொன்னார்"னு போடறதுக்கு பதிலா "கூறிக்கொண்டார்"னு போட்டா பேசினவர் பொய் சொல்றார்னு படிக்கிறவங்க எடுத்துப்பாங்க, "ஒப்புக்கொண்டார்"னு போட்டா குத்தம் செஞ்சவர் மாதிரி ஆயிடும். இதுக்கெல்லாம் நடை வழிகாட்டியில தனிப்பக்கமே இருக்கு, தீவிரவாதி, சர்ச்சைக்குரிய, புகழ்பெற்ற, இந்த மாதிரி சொற்களை கட்டுரை தன் குரல்ல சொல்லாம சோர்ஸ் சொன்னதா சொல்லணும்னு. வெளிய இருந்து பார்க்க அற்பமா தெரியும், ஆனா அந்த ஒத்தை வினைச்சொல்லுக்காக ரெண்டு வாரம் பேசறவங்க வீண்வேலை பார்க்கல. பல லட்சம் பேர் படிக்கப்போற வாக்கியம் அது.

பழைய உதாரணம் ஒண்ணு இருக்கு, போலந்து நாட்டு துறைமுக நகரம் கதான்ஸ்க். ஜெர்மன்ல அதுக்கு பேர் டான்சிக். எந்தப் பேரை போடணும்னு எடிட்டர்களுக்குள்ள நடந்த சண்டை சாதாரணம் இல்ல, ஒவ்வொரு கட்டுரையிலயும் ஒருத்தர் மாத்த இன்னொருத்தர் திருப்ப, ஏன்னா அந்தப் பேருக்குப் பின்னாடி ரெண்டு தேசங்களோட வரலாறும் இழப்பும் இருக்கு. கடைசியில ஓட்டு வச்சாங்க. விக்கிபீடியால ஓட்டு மூலமா முடிவெடுக்கிறது வழக்கம் இல்ல, அதனால அது அபூர்வம்தான். 1308ல இருந்து 1945 வரைக்குமான காலத்தை பத்தி எழுதினா டான்சிக், மத்த காலத்துக்கு கதான்ஸ்க், முதல் தடவை சொல்லும்போது இன்னொரு பேரையும் பக்கத்துல போடணும், ஜெர்மன்காரர் வாழ்க்கை வரலாறுன்னா டான்சிக் முன்னாடி, போலந்துக்காரர்னா கதான்ஸ்க் முன்னாடி. ரெண்டு தரப்புக்கும் முழு திருப்தி இல்ல. ஆனா ஒரே ஊரை காலத்துக்கு ஏத்தபடி பார்க்கலாம்ங்கிற யோசனை இருக்கே, அது எந்த ஒரு தரப்பும் தானா கொண்டுவந்திருக்காத யோசனை.

2019ல நேச்சர் ஹியூமன் பிஹேவியர் இதழ்ல ஒரு ஆய்வு வந்துச்சு, விக்கிபீடியா கட்டுரைகளை எடுத்து, எழுதினவங்க அரசியல் ரீதியா ஒரே பக்கம் சாய்ஞ்சவங்களா இல்ல கலந்த கூட்டமான்னு கணக்குப் பார்த்தாங்க, கலந்த கூட்டம் எழுதின கட்டுரைகள்தான் தரத்துல மேல இருந்துச்சு. எனக்கு இதுல ஆச்சரியமே இல்ல. எதிராளி இருக்கும்போது ஒவ்வொரு வாக்கியத்துக்கும் சோர்ஸ் தேடித்தான் ஆகணும், இல்லைன்னா அடுத்த நிமிஷம் "சான்று தேவை" வந்து ஒட்டிக்கும்.

சரி, ரெண்டு பேரும் டாக் பேஜ்ல பேசியும் ஒத்துவரலைன்னா? அங்கதான் படிப்படியான ஏற்பாடு ஆரம்பிக்குது. ரெண்டே பேர் மட்டும் இருக்கிற சண்டைன்னா "மூணாவது கருத்து"ன்னு ஒரு வசதி இருக்கு, சம்பந்தமே இல்லாத ஒருத்தர் வந்து படிச்சுட்டு தன் அபிப்பிராயத்தை சொல்லிட்டு போவார், யாரையும் கட்டுப்படுத்தாது. இதை யாரும் பெருசா பேசறதில்ல, ஆனா என் அனுபவத்துல ரொம்ப நல்ல வசதி இதுதான், வெளி ஆள் ஒருத்தர் "நீங்க ரெண்டு பேரும் கிட்டத்தட்ட ஒரே விஷயத்தைத்தான் சொல்றீங்க"ன்னு சொன்னதுமே முடிஞ்ச சண்டைகளை பார்த்திருக்கேன். அடுத்தது நடுநிலைக்குன்னே இருக்கிற அறிவிப்பு போர்டு, அங்க பதில் வர்றது அதிர்ஷ்டத்தை பொறுத்தது, சில நாள் அனுபவசாலிகள் வந்து அலசுவாங்க, சில நாள் ஏற்கனவே சண்டையில இருக்கிற அதே ஆட்கள் வந்து அதே பேச்சை திரும்ப எழுதிட்டு போவாங்க.

அதுக்கு மேல ஆர்எஃப்சி, அதாவது கேள்வியை பொதுவுல வச்சு எல்லார்கிட்டயும் கருத்து கேக்கிறது, வழக்கமா 30 நாள் திறந்திருக்கும், அப்புறம் சம்பந்தமில்லாத அனுபவசாலி ஒருத்தர் படிச்சுட்டு முடிவு எழுதுவார். எண்ணிக்கை பார்க்கமாட்டார், யாரோட வாதத்துக்கு விதியும் சோர்ஸும் துணை நிக்குதுன்னு பார்க்கணும்ங்கிறதுதான் முறை. இங்க கவனிக்க வேண்டியது கேள்வி. "இந்த அரசியல்வாதி மேல இருக்கிற ஊழல் வழக்கை முன்னுரையில சொல்லணுமா"ன்னு கேட்டா ஒரு பதில் வரும், "நிரூபிக்கப்படாத குற்றச்சாட்டை முன்னுரையில திணிக்கலாமா"ன்னு கேட்டா வேற பதில் வரும். கேள்வி நடுநிலையா இருக்கணும்னு விதி இருக்கு, ஆனா சண்டையில இருக்கிறவங்களேதான் கேள்வியையும் எழுதறாங்க, அதனால கேள்வியை பத்தியே ஒரு தனி சண்டை வந்து 30 நாள்ல பாதி அதுலயே போயிடும். ரெண்டு தரப்பும் சேர்ந்து கேள்வியை ஒத்துக்கிட்ட பிறகுதான் திறக்கலாம்னு கட்டாயப்படுத்தணும்னு நான் ரொம்ப நாளா சொல்லிட்டிருக்கேன்.

எல்லாத்துக்கும் மேல ஆர்பிட்ரேஷன் கமிட்டி, 2004ல வேலையை ஆரம்பிச்சது, எடிட்டர்கள் ஓட்டுப்போட்டு தேர்ந்தெடுக்கிற ஆட்கள். உச்ச நீதிமன்றம் மாதிரின்னு நினைச்சுக்கிட்டு போறவங்களுக்கு அங்க ஒரு ஏமாற்றம் காத்திருக்கும், ஏன்னா எந்த வெர்ஷன் நடுநிலையானதுன்னு அந்த கமிட்டி தீர்ப்பு சொல்லாது. யார் எப்படி நடந்துக்கிட்டாங்கன்னு மட்டும்தான் பார்க்கும், யாரை தடை பண்ணணும், யாரை அந்த தலைப்பு பக்கமே வரவிடக்கூடாதுன்னு சொல்லும். 2009ல சயின்டாலஜிங்கிற மத அமைப்பு விவகாரத்துல அந்த அமைப்புக்கு சொந்தமான ஐபி முகவரிகள்ல இருந்து வர்ற எடிட்டையே தடுத்தாங்க, எதிர்த்தரப்புல எல்லை மீறினவங்களையும் விடல. உள்ளடக்கத்துல தலையிடாதது பலவீனம்னு பலர் சொல்றாங்க. நான் ஒத்துக்கமாட்டேன். பத்துப் பதினஞ்சு பேர் உக்காந்து பருவநிலை மாற்றத்துல இருந்து எல்லைத் தகராறு வரைக்கும் எது நடுநிலைன்னு அறிவிக்க ஆரம்பிச்சா அந்த நாற்காலியை பிடிக்கத்தான் எல்லா தரப்பும் மோதும்.

மூணு ரிவர்ட் விதி பத்தியும் சொல்லணும். 24 மணி நேரத்துல ஒரே பக்கத்துல மூணுக்கு மேல ரிவர்ட் பண்ணினா தடை. வேகத்தை குறைக்க இது உதவுது, பிடிவாதத்தை குறைக்கல, தினம் ஒரு ரிவர்ட்னு மாசக்கணக்கா ஓட்டறவங்களை இது தானா பிடிக்காது, யாராவது கவனிச்சு புகார் பண்ணணும். அட்மின் (நிர்வாகி) வந்து யாரும் எடிட் பண்ணமுடியாதபடி பக்கத்தை பூட்டினா அப்ப என்ன வெர்ஷன் இருக்கோ அதே பூட்டிக்கிட்டு நிக்கும், பூட்டினதால அதுதான் சரின்னு அர்த்தம் இல்ல, இது தெரியாம அட்மினை திட்டறவங்க ஒவ்வொரு தடவையும் இருக்காங்க.

இப்ப குறைக்கு வர்றேன். நாற்பது வருஷம் ஒரு துறையில உழைச்சவரை பத்தி நாலு பத்தி, அவர் ஒரு பேட்டியில சொன்ன ஒரு வாக்கியத்தால வந்த சர்ச்சைக்கு ஆறு பத்தி. ஒவ்வொரு பத்தியையும் தனியா எடுத்துப் பார்த்தா குத்தமே சொல்லமுடியாது, எல்லாத்துக்கும் சோர்ஸ் இருக்கு, வார்த்தை எல்லாம் அளந்து போட்டிருக்கு. ஆனா மொத்தமா படிச்சா அந்த மனுஷனோட வாழ்க்கையே அந்த சர்ச்சைதான்னு தோணும். இந்த எடை பிரச்னைக்கு விதி இருக்கு, அளவுகோல் இல்ல. எத்தனை சோர்ஸ் எழுதினதுன்னு எண்ணினா, சமீபத்துல நடந்தது எல்லாம் ஆன்லைன்ல நூறு செய்தியா கிடைக்கும், இருபது வருஷத்துக்கு முன்னாடி நடந்தது பழைய பேப்பர் கட்டுல தூங்கும். அதனால எடை தானாவே புதுசு பக்கம், பரபரப்பு பக்கம் சாயுது. உயிரோட இருக்கிறவங்க வாழ்க்கை வரலாறுக்கு தனி கண்டிப்பான கொள்கை இருக்கிறதால அங்கயாவது யாராவது கேள்வி கேக்கறாங்க. அமைப்புகள், சமூகங்கள், சம்பவங்கள் பத்தின கட்டுரைகள்ல அந்த பாதுகாப்பும் இல்ல.

எடை சண்டை கடைசியில போய் நிக்கிறது எந்த சோர்ஸ் நம்பகமானதுங்கிற இடத்துல. அடிக்கடி விவாதத்துக்கு வர்ற சோர்ஸ்களுக்கு ஒரு பெரிய பட்டியல் வச்சிருக்காங்க, எது சரி, எது சந்தேகம், எது கூடாதுன்னு, 2017ல பிரிட்டன்ல வர்ற டெய்லி மெயில் பத்திரிகையை பொதுவா பயன்படுத்தக்கூடாதுன்னு முடிவு பண்ணினது அப்ப பெரிய செய்தி. லாரி சாங்கரே 2020ல விக்கிபீடியா நடுநிலையை கைவிட்டுடுச்சுன்னு கடுமையா எழுதினார், ஒரு பக்கத்து ஊடகங்களை நம்பி இன்னொரு பக்கத்தை ஒதுக்கறாங்கன்னு அவரை மாதிரி நினைக்கிறவங்க சொல்றாங்க. எனக்கு பட்டியல் வேணும்னுதான் தோணுது, பொய் அச்சடிக்கிறதை வழக்கமா வச்சிருக்கிற பத்திரிகையை வச்சு ஒரு மனுஷனை பத்தி எழுதமுடியாது. ஆனா ஒரு முடிவு எடுத்தா அது எத்தனை வருஷத்துக்கு செல்லும், எப்ப மறுபடி பார்க்கணும்னு ஒரு ஒழுங்கு இல்ல, யாராவது இழுத்து விட்டாத்தான் திரும்ப பேசறாங்க. அச்சுல அதிகம் வராத மக்கள், பெரிய பத்திரிகை இல்லாத மொழிகள், இவங்க தரப்பு இந்த கணக்குல எப்பவுமே எடை குறைஞ்சுதான் நிக்குது, அதை எந்த போர்டுலயும் புகார் பண்ணி சரிபண்ணமுடியாது.

நேரமும் ஒரு ஆயுதம் இங்க. நாலு மாசம் பேசறதுக்கு யாருக்கு தெம்பு இருக்கோ அவங்க வாக்கியம் நிக்குது. வேலை, குடும்பம் உள்ளவங்க மூணாவது வாரமே விட்டுட்டு போயிடறாங்க, அவங்க போனதை "ஒருமித்த கருத்து"ன்னு எண்ணிக்கிறாங்க. ரொம்ப சூடான தலைப்புகளுக்கு, உதாரணமா இஸ்ரேல் பாலஸ்தீன கட்டுரைகளுக்கு, 500 எடிட்டும் 30 நாளும் முடிச்ச கணக்கு இருந்தாத்தான் எழுதவே முடியும். போலிக் கணக்குகளை தடுக்க இது தேவைதான். 2015ல ஆரஞ்ச்மூடின்னு பேர் வச்ச ஒரு கூட்டத்தை பிடிச்சப்ப 381 கணக்குகளை முடக்கினாங்க, காசு வாங்கிட்டு கம்பெனிகளை பத்தி எழுதின கணக்குகள் அது எல்லாம். காசு வாங்கி எழுதினா சொல்லியே ஆகணும்னு 2014லயே பயன்பாட்டு விதிமுறையில சேர்த்திருந்தும் அது நடந்துச்சு. இதெல்லாம் பார்த்த பிறகு கதவை அகலமா திறந்து வைக்க சொல்ல எனக்கு மனசு வரல, ஆனா அந்த தலைப்பை வாழ்நாள் முழுக்க படிச்ச ஒருத்தர் முதல் தடவையா வரும்போது அவருக்கும் அதே பூட்டுதான்.

இதைவிட மோசமானது சண்டையே நடக்காத இடம். குரோஷிய மொழி விக்கிபீடியால பல வருஷம் தீவிர தேசியவாத சார்புள்ள ஒரு சின்ன அட்மின் கூட்டம் பிடியை வச்சிருந்துச்சு, எதிர்த்தவங்களை தடை பண்ணிட்டாங்க, இரண்டாம் உலகப்போர் காலத்து கொடுமைகளையே குறைச்சுக்காட்டற மாதிரி கட்டுரைகள் இருந்துச்சு. 2021ல விக்கிமீடியா அறக்கட்டளை ஒரு நிபுணரை வச்சு ஆய்வு செஞ்சு அறிக்கையே வெளியிட்டது. உள்ள இருந்தவரைக்கும் அங்க எல்லாம் "ஒருமித்த கருத்து"தான். ஆள் குறைவா இருக்கிற எந்த மொழி விக்கிக்கும் இது நடக்கலாம், இங்கிலீஷ்லயே யாரும் எட்டிப் பார்க்காத லட்சக்கணக்கான கட்டுரைகளுக்கு சின்ன அளவுல நடந்துக்கிட்டேதான் இருக்கு.

வெளியில இருந்து வர்ற அழுத்தம் வேற ரகம். இந்தியாவுல ஏஎன்ஐ செய்தி நிறுவனம் 2024 ஜூலைல டெல்லி உயர் நீதிமன்றத்துல அவதூறு வழக்கு போட்டுச்சு, தங்களை அரசோட பிரச்சாரக் கருவின்னு விமர்சிக்கறாங்கன்னு கட்டுரையில இருந்ததை எதிர்த்து. அந்த வழக்கை பத்தின பக்கத்தையே எடுக்கச் சொல்லி அக்டோபர்ல உத்தரவு வந்துச்சு, பக்கமும் போச்சு, 2025 மே மாசம் உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து பண்ணுச்சு. எடிட் பண்ணினவங்க யாருன்னு சொல்லச் சொல்லியும் கோர்ட்டுல கேட்டாங்க. சம்பளம் இல்லாம எழுதற ஒருத்தருக்கு அந்த பயம் எவ்வளவு பெரிசுன்னு யோசிச்சுப் பாருங்க, அந்த வாக்கியம் சோர்ஸ் சொன்னதை அப்படியே சொல்லியிருந்தாலும் அடுத்த தடவை கை நடுங்கும்.

மாத்து ஏதாவது இருக்கான்னா, சாங்கர் நிபுணர் மேற்பார்வை, உண்மைப் பேர் கட்டாயம்னு சிட்டிசண்டியம்ங்கிற கலைக்களஞ்சியத்தை ஆரம்பிச்சார், ஆள் சேரல. 2006ல அமெரிக்க வலதுசாரிகளோட கன்சர்வபீடியா வந்துச்சு, ஒரு பக்கத்து ஆட்கள் மட்டும் எழுதினா எப்படி இருக்கும்னு பார்க்க அதை படிச்சா போதும். 2025 அக்டோபர்ல வந்த, எலான் மஸ்க் கம்பெனியோட க்ரோக்கிபீடியால எழுதறது ஏஐ, நீங்க திருத்தம் பரிந்துரைக்கலாம், நேரா எடிட் பண்ணமுடியாது. பிரிட்டானிக்கா மேல எனக்கு மரியாதை உண்டு, ஆனா ஒரு வாக்கியம் ஏன் அப்படி இருக்குன்னு கேக்க அங்க டாக் பேஜ் இல்ல, யார் எப்ப மாத்தினாங்க, எதை எதிர்த்து யார் என்ன சொன்னாங்கன்னு எல்லாம் திறந்து கிடக்கிறது விக்கிபீடியால மட்டும்தான்.

அஞ்சுக்கு மூணரை கொடுக்கறேன். வார்த்தைக்கு முழுசா கொடுக்கலாம், எடைக்கு பாதி.

உள்ள போக நினைக்கிறவங்களுக்கு: எடிட் பண்றதுக்கு முன்னாடி டாக் பேஜோட பழைய தொகுப்பை படிங்க, நீங்க சொல்ல நினைக்கிறதை அஞ்சு வருஷத்துக்கு முன்னாடி யாரோ சொல்லியிருப்பாங்க, அதுக்கு என்ன பதில்னும் இருக்கும். எதிர்த்தரப்பு வாதத்தை அவங்களே "ஆமா, இதான் நாங்க சொல்றது"ன்னு ஒத்துக்கிற மாதிரி ஒரு தடவை எழுதிக்காட்டுங்க, அதுக்கப்புறம் பேச்சோட சூடே மாறிடும். நண்பர்களை கூப்பிட்டு ஆதரவா எழுதச் சொல்லாதீங்க, அதுக்கு தடை விழும், உங்க வாதம் நல்லதா இருந்தாலும் அதோட மதிப்பும் போயிடும். சூடான கட்டுரைகளுக்கு ஏற்கனவே ஆயிரம் கண் இருக்கு. யாருமே பார்க்காத கட்டுரைகள்ல உங்களுக்கு நல்லா தெரிஞ்ச நாலு அஞ்சை எடுத்து கவனிப்புப் பட்டியல்ல (மாற்றம் வந்தா உங்களுக்கு காட்டற பட்டியல்) போட்டு வச்சு, யாராவது ஒத்தைப் பக்கமா ஒரு பத்தி சேர்த்தா அன்னைக்கே "இதுக்கு சோர்ஸ் என்ன"ன்னு கேளுங்க.